காலி என்று எழுதிய நான்கு வால்வுகள்

ஜூஜுவாடி
12-8-1993

அன்புள்ள சுடலைமுத்து அண்ணாச்சிக்கு, திம்மப்பன் எழுதிக்கொண்டது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். செக்போஸ்டில் நிற்கிற லாரிகள் மாதிரி ஒரு எழுத்து ரோட்டின் மேலும் ஒரு எழுத்து பள்ளத்திலுமாக நிற்கிறது. 'ழ' வந்தால் கை சிக்கிக்கொள்கிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஆனால் அத்தனையும் நானே எழுதியது. முனிவேல் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பேக்கிங் மேஜையில் உட்கார்ந்து, "என்னாங்க பெரியவரே, லெட்டரா, பத்திரமா?" என்று கேலி பண்ணிக்கொண்டிருக்கிறான்.

சித்திரை மாதத்திலிருந்து ரேஷன் கடை வாசலில் அறிவொளி வகுப்பு நடக்கிறது. ருக்மணி என்று ஒரு பெண் சொல்லித் தருகிறாள். பகலில் கடிகாரக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அப்படியே வருகிறாள். கெம்பம்மாவும் வருகிறாள். எனக்கு முன்னால் அவளுக்கு எழுத்து வந்துவிட்டது. வீட்டில் எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏமி, இன்னும் நாலு வரிதானா?" என்கிறாள். அறுபத்தொரு வயதில் பெண்டாட்டியோடு போட்டி போடுவது நல்ல சுகமாக இருக்கிறது அண்ணாச்சி.

நீங்கள் பதினெட்டு வருடம் இந்த ஒர்க்ஷாப்பில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வால்வு பூட்டினீர்கள். நான் அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்று ஏற்றி, குமிழ் வருகிறதா என்று பார்த்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவர் நீங்கள். ஆனாலும் ஊரே கூப்பிட்டதால் எனக்கும் அண்ணாச்சி ஆனீர்கள். இப்போது உங்கள் பெஞ்சில் ஒரு சேலத்துப் பையன். வேலை தெரிந்தவன்தான். பேச்சுதான் கிடையாது.

இன்னொரு விசேஷம். குமிழ் விடுகிற வால்வுக்கு முன்பெல்லாம் சிவப்புக் கந்தல் கட்டி இடது பக்கம் வைப்பேன் அல்லவா? ஆனி மாதத்திலிருந்து கந்தல் இல்லை. குச்சியை வெள்ளைப் பெயிண்டில் முக்கி எழுத்திலேயே எழுதிவிடுகிறேன்.

நாகூரில் பூமியிலிருந்து வருகிற கேஸை வீணாகக் கொளுத்துகிறார்கள் என்று போகும்போது சொன்னீர்களே, இன்னும் எரிகிறதா? விவரமாக எழுதுங்கள். மெதுவாக ஆனாலும் நானே படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
கி. திம்மப்பன்

நாகூர்
23-8-1993

பிரியமுள்ள திம்மப்பண்ணாவுக்கு, சுடலைமுத்து வணக்கம்.

கடிதம் கண்டு, உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். பதினெட்டு வருடம் சம்பள நோட்டில் பெருவிரல் வைத்த மனிதன் 'ழ' எழுதுகிறார்! பக்கத்து ரூம்காரனிடம் காட்டி, "இது யாரு எழுத்து தெரியுமாவே? எங்க திம்மப்பண்ணன்" என்றேன். அண்ணியிடம் சொல்லுங்கள், அவர்கள் கடிதத்தையும் எதிர்பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டது பெரிய கதை. இங்கே வயல் நடுவில் கிணறு தோண்டி எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெயோடு கேஸும் சேர்ந்து வரும். எண்ணெயைப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். கேஸை உயரமான குழாயில் விட்டுக் கொளுத்திவிடுவார்கள். ஆறு வருடமாக இரவும் பகலும் எரிந்தது. பக்கத்து வயல்காரருக்குப் பூச்சித் தொல்லை. எனக்கோ பார்க்கப் பார்க்க வயிறு எரியும். ஒரு ஊருக்கே அடுப்பு எரிக்கலாம் அண்ணா.

எங்கள் இன்ஜினீயர் அண்ணாதுரை சாருக்கும் அதே எரிச்சல். இரண்டு மைல் தூரத்தில் ஓட்டுத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே சூளைக்கு விறகு வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துவிட்டது. குழாய் போட்டு இந்தக் கேஸை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று மேலே எழுதிப் போராடி அனுமதி வாங்கினார். ஆறு மாதம் சோதனை. வால்வு எங்கே வாங்குவது என்றபோது நான்தான் ஓசூரில் நம் ஒர்க்ஷாப் இருக்கிறது என்றேன். ஆடி முதல் தேதி குழாயில் கேஸ் போயிற்று. பெரிய நெருப்பு அணைந்து, ஒரு சின்னச் சுடர் மட்டும் நிற்கிறது.

சந்தோஷம் இதோடு நின்றிருக்கலாம். இரண்டு முனையிலும் மீட்டர் உண்டு. இங்கிருந்து நூறு பங்கு புறப்பட்டால் அங்கே எண்பத்தெட்டுதான் போய்ச் சேருகிறது. மீதி எங்கே போகிறது என்று தெரியவில்லை. வீட்டு சிலிண்டர் கேஸுக்கு நாற்றம் உண்டு, அது சேர்த்த நாற்றம். பூமியிலிருந்து வருகிற இதற்கு நாற்றம் கிடையாது. மூக்கை நம்ப முடியாது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஓர் இடத்திலும் நுரை வரவில்லை.

அண்ணாதுரை சார் சொல்கிறார்: "எரிச்சா பாதி நஷ்டம் சுடலைமுத்து. எரியாம மேல போச்சுன்னா அதைவிட மோசம். அந்தக் கேஸ் வெயில் சூட்டைப் புடிச்சு வச்சுக்கும், புகையைவிடப் பல மடங்கு. அதுக்கு நாம கொளுத்தியே இருக்கலாம்." மேலிடமும் அதைத்தான் சொல்கிறது. செப்டம்பர் இருபதுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் குழாயை அடைத்துவிட்டு மறுபடி கொளுத்த உத்தரவு. அப்புறம் எனக்கும் இங்கே வேலை இருக்காது.

வால்வு மேல் சந்தேகமா என்று சார் கேட்டார். "எங்க திம்மப்பண்ணன் தொட்டியில முங்கி எந்திரிச்ச வால்வு சார். அதுல சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். வந்தவுடனே சோதிக்காமல் நேராகப் பூட்டினேன் என்றால் பாருங்களேன்.

வழியில் நான்கு இடத்தில், வாய் திறந்த சின்னக் குழாய் மேலே நிற்கிறது. பழுது பார்க்கும்போது கேஸை வெளியே விடுவதற்கு. மற்ற நாளெல்லாம் அடியில் உள்ள வால்வு மூடியே இருக்கும். அந்த நான்கு சின்ன வால்விலும் உங்கள் ஊர்க்காரர் யாரோ 'காலி' என்று பெயிண்டில் கோணல்மாணலாக எழுதியிருக்கிறார்கள். சோதித்த தண்ணீரை வடித்துவிட்டு எழுதியது போலிருக்கிறது. அந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஓசூர் ஞாபகம் வரும். துடைக்காமல் விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அந்தக் குழாய்களைச் சுற்றி வேலி வெல்டிங் செய்ய ஆள் வருகிறது.

உங்கள்
சுடலைமுத்து

ஜூஜுவாடி
30-8-1993

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு,

என் தந்தி கிடைத்திருக்கும். 'காலி எழுதிய நான்கு வால்வும் ஒழுகும். வெல்டிங் நிறுத்தவும்' என்று இருந்ததா? ருக்மணிதான் தந்தி ஆபீசுக்குக் கூட வந்தாள். காரணத்தை இதில் எழுதுகிறேன்.

அந்த நான்கிலும் எழுதியது நான். உங்கள் கடிதத்தைக் கெம்பம்மா உரக்கப் படித்தாள். 'காலி' வந்ததும், "அட, என் எழுத்து நாகூர் வரைக்கும் போயிருக்குது" என்று சிரித்தேன். அடுத்த மூச்சில் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு என்று உங்களுக்குத் தெரியும். தெலுங்கில் காற்றுக்கு அந்தப் பெயர்தான். வாயால் சொன்னால் முதல் எழுத்து 'கேஸ்' என்பதில் வருகிற மாதிரித் தொண்டையிலிருந்து அழுத்தமாக வரும். காதில் விழுகிறதை அப்படியே எழுது என்றாள் ருக்மணி. அப்படியே எழுதினேன். காற்று போகிறது, இதை எடுக்காதே என்பதுதான் எனக்கு அர்த்தம். தமிழில் அந்த அழுத்தத்துக்குத் தனி எழுத்து இல்லை என்பது எனக்குத் தெரியாது. படிக்கிறவனுக்கு அது 'ஒன்றும் இல்லை' என்ற காலி.

முனிவேலைப் பிடித்து உலுக்கினேன். அவன் சிங்காரப்பேட்டைக்காரன், தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது.

"நீதானே பெரியவரே எழுதி வச்ச, காலினு? தண்ணி வடிஞ்சி காலியாயிடுச்சினு நெனச்சிப் பொட்டியில போட்டன்."

"இடது பக்கம்ல வச்சிருந்தேன்?"

"கந்தல் கட்டி இருந்தா தொட்டிருக்க மாட்டேன். எழுத்து இருக்குதேனு எடுத்தேன்."

அவன் பேரில் தப்பு இல்லை. மறுநாள் அந்த நான்கும் இடத்தில் இல்லாதபோது, சேலத்துப் பையன் சரிபண்ண எடுத்திருப்பான் என்று விட்டுவிட்டேன். கேட்கவில்லை. அது என் தப்பு.

அந்த நான்கும் ஒரே வார்ப்பில் வந்தவை. உள்ளே மூடி உட்காரும் இடம் சரியாகத் தேயவில்லை. கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் கேஸ் உள்வழியாகப் போய்க் குழாயின் வாயால் வெளியேறும். இணைப்பில் சோப்புப் போட்டால் தெரியாது. வெல்டிங்காரனைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குழாயின் வாயில் ரப்பர் டியூப் மாட்டி மறுமுனையை ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். வால்வு மூடியிருக்கும்போதே குமிழ் வரும். வராவிட்டால் என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

முதலாளி சௌந்தரராஜன் சாரிடம் இன்று காலை நேராகப் போய்ச் சொன்னேன். "நீ சொல்லலைனா யாருக்குய்யா தெரியும்?" என்றார் முதலில். "வெல்டிங்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும் சார், பொறி பட்ட அந்த ஒரு நிமிசம்" என்றேன். அப்புறம் அவர் முகம் மாறிவிட்டது. நான்கு புது வால்வு சோதித்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். முனிவேல் நாளைக்குப் பஸ்ஸில் எடுத்து வருகிறான். நாளையிலிருந்து நான் தொட்டிப் பக்கம் போகக் கூடாதாம். வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வேண்டுமாம்.

கெம்பம்மா சொல்கிறாள்: "கந்தல் கட்டற வரைக்கும் ஒரு தப்பு வரல உனக்கு." இருக்கட்டும். எழுதியதால் வந்த தப்பு, உங்கள் கடிதத்தை வீட்டிலேயே படித்ததால்தான் தெரிந்தது. முனிவேலைப் படிக்கச் சொல்லியிருந்தால், அவன் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பான். வகுப்புக்குப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை.

என் தொட்டியை நம்பி உங்கள் பேரையே பணயம் வைத்தீர்கள். நீங்கள் கோபமாக எழுதினாலும் எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

திம்மப்பன்

நாகூர்
14-9-1993

திம்மப்பண்ணாவுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். பிறகு மற்றது.

தந்தி வந்தபோது வெல்டிங்காரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறான். நான் கத்திய கத்தலில் வயலில் நின்ற கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரி டியூபை வாளியில் விட்டேன். உலை கொதிக்கிற மாதிரிக் குமிழ். ஒன்றரை மாதமாக அதன் அடியில் நின்றுதான் நான் தினமும் வெற்றிலை போட்டேன். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, பஸ் ஏறி வந்து அந்தத் தொட்டியிலேயே உங்களை முக்கியிருப்பேன். பத்து நாள் பேனாவைத் தொடாமல் இருந்தது அதனால்தான்.

"யாரு தப்பு?" என்று அண்ணாதுரை சார் கேட்டார். "வந்த வால்வைச் சோதிக்காம பூட்டினது நான் சார்" என்றேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையே அதுதான். உங்கள் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். "இவரு எழுதலைனா இன்னும் சோப்பு போட்டுக்கிட்டே இருந்திருப்போம்" என்றார்.

முனிவேல் கொண்டுவந்த நான்கையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன். நேற்று மீட்டர் பார்த்தோம். நூறு புறப்பட்டது. தொண்ணூற்றொன்பதரை போய்ச் சேர்ந்தது. குறைகிற அந்த அரைப் பங்கு மீட்டரின் தடுமாற்றம் என்கிறார் சார். குழாயை இனி அடைக்க வேண்டியதில்லை. மேலிடம் அடுத்த கிணற்றிலும் இதே மாதிரி போடச் சொல்லிவிட்டது. அதற்குப் பத்து வால்வு உங்கள் ஒர்க்ஷாப்பிலிருந்துதான்.

ஒன்று சொல்கிறேன், மனம் வருந்தக் கூடாது. இனி உங்கள் தொட்டியிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் நான் இங்கே மறுபடி சோதிப்பேன். உங்கள் பேரைச் சொல்லிச் சும்மா பூட்டுகிற வழக்கம் முடிந்தது. பதினெட்டு வருடப் பழக்கத்துக்கு இது மரியாதையா என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தாலும் சோதிப்பேன்.

சுடலைமுத்து

ஜூஜுவாடி
7-10-1993

அன்புள்ள சுடலைமுத்து அண்ணாச்சிக்கு,

நீங்கள் திட்டியதை நானே வாசித்தேன். யாரும் உதவவில்லை. கெம்பம்மா கேட்டபோது உரக்கவும் ஒரு தரம் வாசித்தேன். தொட்டியில் முக்குகிற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சோதிப்பேன் என்கிறீர்கள். சோதியுங்கள். வருத்தம் எதற்கு? நான் இங்கே பார்த்ததை நீங்கள் அங்கே பார்த்தால் இரண்டு ஜோடிக் கண். வெல்டிங்காரனின் பிள்ளைகளுக்கு அது நல்லது. என் பேரை நம்பியதில் எனக்கு இருந்த பெருமையைவிட இது எனக்கு நிம்மதி.

இனி இங்கத்திய சங்கதி. உங்கள் ஆர்டரோடு ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு தாள். 'சோதித்தவர் பெயர், கையொப்பம்' என்று கோடு போட்டு, அடியில் 'கைநாட்டு ஏற்கப்படாது' என்று இருந்தது. தொட்டியில் அப்போது முனிவேல். அவன் தாளைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்குது சார். வார்ப்புமேல ஒட்டிக்கினு நிக்கிற குமிழு எது, ஒழுகற குமிழு எதுன்னு எனக்குத் தெரியல. நான் போட மாட்டேன்."

அவன் சொல்வது சரி. ஒட்டிக்கொண்டு நிற்கிற குமிழ் வெறும் பழைய காற்று. விரலால் தடவினால் போய்விடும். தடவிய பின்னும் அதே இடத்தில் மறுபடி பிறக்கிறதே, அதுதான் ஒழுக்கு. அது கண்ணுக்குப் பழக வேண்டும். சௌந்தரராஜன் சார் வாசல் கேட் வரைக்கும் வந்து, என்னைப் பார்க்காமல் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே, "போய்யா, தொட்டிய பாரு" என்றார். ஐந்து வாரத்துக்குப் பிறகு தண்ணீரில் கை வைத்தேன்.

ஒழுகுகிற வால்வுக்கு இப்போது ஒரு வார்த்தை எழுதுவதில்லை. 'காற்று போகிறது. அனுப்பாதே' என்று முழுசாக எழுதுகிறேன். முனிவேலைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்றும் கேட்டுவிடுகிறேன். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டே பதில் சொல்கிறான்.

பத்தில் ஒன்பது வால்வு தண்ணீருக்குள் கல் மாதிரிக் கிடந்தது. ஒரு குமிழ் இல்லை. ஒன்பது தாளிலும் கையெழுத்துப் போட்டேன். பத்தாவதில்தான் தகராறு. நெடுநேரம் ஒன்றும் இல்லை. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டும்போது கடுகு அளவில் ஒரு குமிழ் எழுந்தது. தடவினேன். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. லாரி வாசலில் நிற்கிறது. முதலாளி பேனாவைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"ஒரு நிமிசத்துக்கு ஒரு குமிழு. அதப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கிற. போடுய்யா."

"அங்க ஒரு நிமிசத்தோட நிக்காது சார். வருசம் பூரா வரும்."

"போடலைனா?"

"மறுபடி கேட்டுக்குப் போறேன் சார். இதுல போட மாட்டேன்."

சேலத்துப் பையன் பெஞ்சிலிருந்து தலை தூக்கிப் பார்த்தான். முதலாளி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். லாரி ஒன்பதோடு கிளம்பியது. பத்து கேட்டவருக்கு ஒன்பது வந்தால் உங்கள் சார் சத்தம் போடுவார். காரணம் நான்தான் என்று சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

மூன்று நாளாக முதலாளி என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று காலை அந்தப் பத்தாவதைப் பிரித்து, சேலத்துப் பையன் பெஞ்சில் அவரே கொண்டுவந்து வைத்தார். பையன் இப்போது அதன் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். சத்தம் இங்கே கேட்கிறது. சரியானால் அடுத்த வாரம் அதை அனுப்பி, கூடவே கடிதமும் எழுதுவேன். சரியாகாவிட்டால் கடிதம் மட்டும் வரும்.

இப்படிக்கு,
கி. திம்மப்பன்